இலண்டனில் இராமானுஜனின் முதல் நாள்

கிண்டியில் இன்று நாம் காணும் பொறியியற் கல்லூரி 1920-ஆம் ஆண்டில்தான் அங்கே குடியேறியது. அதற்கு முன் அது சேப்பாக்கத்தில் இயங்கி வந்தது. அக்காலத்தில் கிரிஃபித் என்னும் ஆங்கிலேயர் அங்கே பேராசிரியராக இருந்தார். 1912 நவம்பரில், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளம் வாங்கிய ஒரு குமாஸ்தாவின் கணிதத் தாள்கள் சிலவற்றை அவர் இலண்டனுக்கு அனுப்பி வைத்தார். அவற்றைப் பெற்றவர் இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் கணிதப் பேராசிரியர் ஹில். கிரிஃபித்துக்கு ஆசிரியராக இருந்தவர். இந்த இளைஞர் உண்மையிலேயே திறமை உடையவர்தாமா என்பதே கேள்வி.

ஆகவே, சீனிவாச இராமானுஜன் இலண்டனில் கால் வைப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முன்னரே அவருடைய எழுத்து அந்நகரை எட்டிவிட்டது. அதற்குக் கிடைத்த வரவேற்பு எத்தகையது?

ஹில் பொறுமையாகப் படித்தார். இளைஞருக்குக் கணிதத்தில் நாட்டமும் ஆற்றலும் உண்டு என ஒப்புக்கொண்டார். ஆனால் விரியும் தொடர்களின் படுகுழியில் விழுந்துவிட்டார் என்றும், பிராம்விச் எழுதிய தொடர்கள் பற்றிய நூலைக் கற்க வேண்டும் என்றும் பதில் எழுதினார். அப்படி என்ன தவறு கண்டார்? 1+2+3+4+... என்று முடிவின்றிக் கூட்டிக்கொண்டே போனால் விடை −1/12 என்று இராமானுஜன் எழுதியிருந்தார். பள்ளி மாணவனும் சிரிப்பான். 1, 3, 6, 10 என்று கூட்டுத்தொகை வளர்ந்துகொண்டே போகும்போது, ஒன்றுக்கும் குறைந்த, அதுவும் எதிர்க்குறி கொண்ட ஓர் எண் எங்கிருந்து வரும்?

சாதாரணக் கூட்டல் என்ற பொருளில் அது வரவே வராது. ஆனால் 1859-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் ரீமான் ஒரு வழி காட்டியிருந்தார். எண்களின் அடுக்குகளைக் கொண்டு அமைந்த ஒரு சார்பு, தொடர் பொருள்படாத இடங்களுக்கும் முறையாக நீட்டப்படலாம். அவ்வாறு நீட்டினால் இந்தத் தொடருக்குரிய இடத்தில் கிடைக்கும் மதிப்பு −1/12. இராமானுஜன் தம் சொந்த வழியில் அதே எண்ணை எட்டியிருந்தார். வழியை மட்டும் பிறருக்கு விளங்கும்படி எழுதவில்லை. எனவே ஹில்லைக் குறைகூறுவது நியாயமன்று என்பது என் கருத்து. மதிப்பற்றதென்று ஒதுக்காமல் பதில் எழுதிய பெருந்தன்மை அவருடையது. எனினும் அத்தோடு நின்றிருந்தால் இராமானுஜன் துறைமுகக் கணக்குகளோடு காலம் தள்ளியிருக்கக் கூடும்.

அவர் நிற்கவில்லை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதினார். பின் நடந்தது பலரும் அறிந்ததே. ஹார்டி அழைத்தார், 1914 தொடக்கத்தில் சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்த நெவில் என்னும் இளம் கணித ஆசிரியர், இராமானுஜனை நேரில் கண்டு பயணத்துக்கு இசைய வைத்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளித்தது. குடுமி எடுக்கப்பட்டது, கால் சட்டையும் காலணியும் வந்து சேர்ந்தன. காலணி அவருக்குக் கடைசிவரை ஒத்துவரவில்லை.

1914 மார்ச் 17-இல் ‘நெவாசா’ கப்பல் சென்னையை விட்டுப் புறப்பட்டது. கொழும்பு, சூயஸ் கால்வாய் வழியாக 28 நாள் பயணம். சென்னை, கிரீன்விச்சுக்குக் கிழக்கே சுமார் 80¼ பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் வேறுபாடு 5 மணி 21 நிமிடம். மேற்கு நோக்கிச் சென்ற அக்கப்பலில் பயணிகளின் ஒவ்வொரு நாளும், சராசரியாக, 11 நிமிடத்துக்குச் சற்று மேல் நீண்டுகொண்டே போயிற்று!

ஏப்ரல் 14, செவ்வாய்க்கிழமை, இலண்டன். 1911 கணக்குப்படி சென்னையின் மக்கள் சுமார் 5 லட்சத்து 18 ஆயிரம். புறநகர் சேர்ந்த இலண்டனில் 70 லட்சத்துக்கு மேல். 1863 முதலே அங்கே நிலத்துக்கு அடியில் இரயில் ஓடியது. தெருவில் குதிரை பூட்டிய பஸ்கள் மறையும் தறுவாயில் இருந்தன. இத்தகைய நகரில் 26 வயதுச் சைவ உணவினர் ஒருவர் தனியே இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்லவேளையாக நெவில் காத்திருந்தார். உடன் அவருடைய தமையனாரும், அவரது மோட்டார் காரும். நெவில், இராமானுஜனைவிட ஓராண்டு இளையவர் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

கார் அவர்களைத் தென் கென்சிங்டன் பகுதியில் குரோம்வெல் சாலை 21-ஆம் எண் வீட்டுக்குக் கொண்டு சேர்த்தது. புதிதாக வரும் இந்திய மாணவர்கள் தங்கி ஊர்ப் பழக்கம் அறிவதற்கென்றே நடத்தப்பட்ட இல்லம் அது. எதிரே, 1881-இல் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நெடிய கோபுரங்கள். அதே நகரில் சில மைல் தொலைவில்தான் ஹில் பாடம் நடத்திய கல்லூரியும் இருந்தது. ஹார்டியை இராமானுஜன் அதுவரை கண்டதில்லை.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 18-இல், நெவில் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துச் சென்றார். கல்லூரி அறை கிடைக்கும்வரை, சில வாரங்கள், செஸ்டர்டன் சாலையிலிருந்த தம் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார். ஆகஸ்ட் 4-இல் பிரிட்டன் போரில் இறங்கியது. காய்கறியும் கிடைப்பதற்கு அரிதாயிற்று.