தார்ச்சாலை: ஆயுளும் பராமரிப்பும்

தார்ச்சாலை என்பது இறுக்கிய மண், சரளை, ஜல்லி, தார்க்கலவை என அடுக்கடுக்காக அமையும் சாலை. கண்ணில் படுவது மேல்தளம். வண்டிகளின் பாரத்தைப் பரப்பித் தாங்குபவை அடியடுக்குகள். இந்தியாவில் தேசிய நெடுஞ்சாலைகள் பொதுவாக 20 ஆண்டு ஆயுளுக்கு வடிவமைக்கப்படுகின்றன. மேல்தளத்தை இடையிடையே புதுப்பித்தாக வேண்டும்.

சாலையின் முதல் எதிரி தண்ணீர். வெயிலிலும் காற்றிலும் தார் இறுகி நெகிழ்வை இழக்க, மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. அவற்றின் வழியே இறங்கும் மழைநீர் அடித்தளத்தை இளக்குகிறது. சக்கரங்கள் ஏறி இறங்க, ஜல்லி பெயர்ந்து பள்ளமாகிறது.

அடுத்தது பாரம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா நகருக்கு அருகே சோதனைத் தடங்களில் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சுப்பாரம் இரு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்ற கணக்கு அதிலிருந்து பிறந்தது. அளவுக்கு மீறி மணல் ஏற்றிய ஒரே லாரி, நூற்றுக்கணக்கான கார்களைவிட அதிகக் கேடு செய்யும்.

விரிசலை உடனே அடைப்பதும் வடிகாலைத் தூர்வாருவதும் மலிவான, பலன் மிகுந்த பராமரிப்பு. பள்ளத்தைச் செங்குத்தான ஓரங்களுடன் சதுரமாக வெட்டி, தூசியும் ஈரமும் நீக்கி, உட்புறம் தார் பூசி, சூடான கலவையைக் கொட்டி உருளையால் இறுக்க வேண்டும். தேங்கிய நீரின்மேல் கலவையைக் கொட்டினால் அடுத்த மழைக்கே பெயர்ந்துவிடும்.

பழைய தளத்தின்மேலேயே புதுத்தளம் போட்டால் தெரு உயர்ந்து, மழைநீர் வீடுகளுக்குள் புகும். அதனால் பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே மறுதளம் இட வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவுறுத்தியது.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், சூடான ஜல்லியில் பிளாஸ்டிக் துணுக்குகளைத் தூவி உருக்கிப் பூசும் முறையை உருவாக்கினார். அந்தப் பூச்சு ஜல்லிக்கும் தாருக்கும் இடையே நீர் புகுவதைக் குறைக்கிறது. அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.