தட்டிலே தங்கிய தமிழர் குரல்

தமிழர் இசை என்றவுடன் தேவாரமும் கீர்த்தனையுமே நம் நினைவில் எழுகின்றன. பிறமொழியில் பாடிய தமிழரை நாம் அக்கணக்கில் சேர்ப்பதில்லை. இது முறைதானா என்பதை மலாக்காத் தமிழர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மலாக்காச் செட்டிகள், சுல்தான்கள் காலத்தில் இங்குக் குடியேறிய தமிழ் வணிகரின் வழிவந்தோர். வீட்டுமொழி மலாயாக மாறிய பின்னரும், 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தைப் போற்றி வருகின்றனர். பந்துனை மாறி மாறிப் பாடும் 'டொண்டாங் சாயாங்' கலையையும் தமதாக்கிக் கொண்டனர். 2018-இல் யுனெஸ்கோ அக்கலையை மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தபோது, மலாய்க்காரர், பாபா நோன்யா, போர்த்துக்கீசியர் ஆகியோருடன் செட்டிகளும் அதனைப் பேணுவோராகக் குறிக்கப்பெற்றனர்.

இதனையொத்த செய்தி அண்மைக்காலத்திலும் உண்டு. பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தார் பாடிய 'அலிகேட்ஸ்' குழு, மேனாட்டுப் பாடல்களைப் பாடி ஹாங்காங் வரை சென்றது. 1979-இல் வெளிவந்த 'தெரிமா காசே' என்னும் மலாய் இசைத்தட்டே அவர்கள் பெயரை இந்நாடெங்கும் நிலைநாட்டிற்று. நன்றி என்பது அத்தலைப்பின் பொருள். சிங்கப்பூரிற் பிறந்த எம். நாசிரும் இக்குழுவுக்குப் பாடல்கள் பல இயற்றினார். லோகநாதன் 2007-இல் மறைந்தார்.

பழைய அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடப் பாட்டே அடங்கும். 1948-இல் வந்த வினைல் நெடுந்தட்டோ ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேல் ஒலித்தது. பல பாடல்களை ஒரு நூல்போல் தொகுத்தளிக்க அதுவே இடந்தந்தது. ஒலிநாடாவும் குறுந்தட்டும் வந்தபின் ஒதுக்கப்பட்ட அத்தட்டுகளுக்கு இன்று மறுவாழ்வு வந்துள்ளது. அமெரிக்காவில் 1987-க்குப் பிறகு முதன்முறையாக 2022-இல் வினைல் தட்டுகள் எண்ணிக்கையில் குறுந்தட்டுகளை விஞ்சின.

மறுபதிப்புக்கு மூலநாடா வேண்டும். அது கெட்டிருப்பின் பழந்தட்டிலிருந்தே ஒலியை எடுக்க நேரும், கீறலும் உடன்வரும். சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கியது எதற்காக என்பதைத் தமிழாசிரியர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டங்களை விட்டு நகர்ப்புறம் பெயர்ந்த குடும்பங்கள் பெட்டிகளில் கொண்டுவந்த தட்டுகள் இன்னும் சில இல்லங்களில் இருக்கக்கூடும். அவற்றை வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வைத்தல் வேண்டும். உறையிலுள்ள பாடகர், இசைஞர், ஆண்டு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். மாணவரைக் கொண்டே இதனைச் செய்விக்கலாம். அப்பட்டியலில் தமிழ்ப் பாட்டோடு, தமிழர் பாடிய மலாய்ப் பாட்டும் இடம்பெறுக.