ஒல்லாந்தர் விட்டுச்செல்லாத ஒரு பெயர்

‘ஓதம்’ என்ற சொல்லைப் பழந்தமிழ் பயின்றவர்கள் கடலோடு சேர்த்தே அறிந்திருப்பார்கள். கடல், அலை, வெள்ளம், ஈரம் என்று அதன் பொருள்கள் விரியும். அகராதியைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் வேறொரு பொருளும் தென்படும். ஆணின் விதைப்பையில் நீர் கோத்து உண்டாகும் வீக்கத்துக்கும் ஓதம் என்றே பெயர். வகுப்பில் இந்தச் சொல் வரும்போதெல்லாம் கடைசி வரிசை மாணவர்கள் சிரிப்பதையும், மாணவியர் புத்தகத்துக்குள் தலை குனிவதையும் கவனித்திருக்கிறேன். யானைக்கால் நோய் மிகுந்திருந்த ஊர்களில் அந்த வீக்கம் ஒளித்துவைக்கக்கூடிய ஒன்றாக இருந்ததில்லை. வேட்டியின் மடிப்பிலேயே தெரிந்துவிடும். ஊரே கேலி செய்யும். ஆனால் அந்தக் கேலிக்கு ஒரு பெயர் இருந்தது, வைத்தியமும் இருந்தது.

அதே வகை நீர்க்கட்டி பெண்களுக்கும் வரும் என்பதை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அரிதாகத்தான் வரும். தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவிலோ எலுமிச்சை அளவிலோ ஒரு கட்டி. பெரும்பாலும் வலியிராது, சிலருக்கு இருக்கும். அதற்குத் தமிழில் பெயர் தேடினேன். கிடைத்தவை எல்லாம் வேறு நோய்களின் பெயர்கள். ‘நெறி கட்டியிருக்கிறது’ என்பார்கள். காலில் புண் இருந்தால் நிணநீர் முடிச்சு வீங்குவதே நெறி. ‘குடலிறக்கம்’ என்பார்கள், அது குடல் பிதுங்கி இறங்குவது. மிஞ்சுவது ‘அரையாப்பு’. மேகநோயோடு ஒட்டிக்கொண்டு பழகிய சொல் அது. தொடையிடுக்கில் கட்டி என்று ஒரு பெண் வாய் திறந்தால் கேட்பவர் மனத்தில் எந்தச் சொல் முதலில் எழும் என்பதை அவள் அறிவாள். ஆகவே திறப்பதில்லை. பெயரின்மை இங்கே அகராதிக் குறைபாடு மட்டுமல்ல.

கட்டி எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கருவில் பெண் குழந்தையின் கருப்பையிலிருந்து இருபுறமும் கயிறு போன்ற ஓர் இணைநார் அடிவயிற்றுச் சுவரின் வழியே தொடையிடுக்கைக் கடந்து பெண்குறியின் வெளியிதழில் முடிகிறது. வயிற்றின் உள்ளறையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வின் ஒரு சிறு மடிப்பு அந்தக் கயிற்றோடு கூடவே கீழிறங்கும். பிறப்பதற்கு முன்போ, பிறந்த முதலாண்டுக்குள்ளோ அம்மடிப்பு தானே மூடிக்கொள்வது இயல்பு. மூடாமல் நின்றுவிட்டால் அவ்வழியே குடலோ, சிசுக்களுக்குச் சில வேளை சினைப்பையோ இறங்கலாம். இரு முனையும் அடைபட்டு நடுவில் மட்டும் இடைவெளி எஞ்சினால் அங்கே நீர் தேங்கிக் கட்டியாகிறது. ஆணுக்கு விதை இறங்கும் பாதையும் இதுவே. இரு பாலுக்கும் பொதுவான ஒரு கட்டமைப்பு. அதில் ஒரு பாலின் நோய்க்கு மட்டும் நம்மிடம் சொல் இருந்தது.

இந்தப் பாதையைப் பெண்ணுடலில் தனித்துக் கண்டு எழுதியவர் அந்தோன் நுக் என்னும் ஒல்லாந்தர். 1650இல் பிறந்தவர். 1687இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பேராசிரியரானார். சுரப்பிகளிலும் நிணநீர்க் குழாய்களிலும் பாதரசத்தைச் செலுத்தி அவற்றின் கிளைகளைக் கண்ணுக்குப் புலப்படச் செய்வதில் வல்லவர். 1691இல் வெளியான அவரது லத்தீன் நூல் சுரப்பிகளைப் பற்றியது. தலைப்பின் பிற்பகுதி பெண்ணின் கருப்பைக்கு ஒரு புதிய உடற்கூறு என்று அறிவிக்கிறது. இணைசேர்ந்து மூன்று நாளான ஒரு பெண்நாயின் கருப்பைக் கொம்பைக் கட்டிவிட்டு, பின்னர் கட்டுக்கு மேலே, சினைப்பையின் பக்கமாகக் கரு வளர்ந்திருப்பதை அவர் கண்ட சோதனையும் அதில் இடம்பெற்றது. கரு சினைப்பையிலிருந்து வருகிறதா இல்லையா என்று ஐரோப்பா சண்டையிட்டுக்கொண்டிருந்த காலம் அது. மறு ஆண்டே, 1692இல் நுக் இறந்துபோனார். நாற்பத்திரண்டு வயதுகூட நிறைந்திருக்காது. பெண்ணுடலின் அச்சிறு பாதை இன்றும் மருத்துவ நூல்களில் நுக் கால்வாய் என்றே வழங்குகிறது.

1691இல் தூத்துக்குடி யார் கையில் இருந்தது? ஒல்லாந்தர் கையில். போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1658இல் பிடித்த ஊரை, இடையிடையே ஆங்கிலேயரிடம் இழந்தும் மீட்டும், 1825 வரை வைத்திருந்தார்கள். அவர்களுடைய கிழக்கிந்தியக் கும்பினியின் எழுத்துகள் வி.ஓ.சி.; வ.உ.சி.யின் ஊரை ஒரு வி.ஓ.சி. ஆண்டது என்பது சரித்திரத்தின் விளையாட்டு. மதுரைக் கடற்கரை அன்று கொழும்பின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. அந்தக் கொழும்பில் கும்பினி மருத்துவராக 1672 முதல் 1677 வரை பணியாற்றிய பவுல் ஹெர்மன், திரும்பிச் சென்று லெய்டனில் தாவரவியல் பேராசிரியராகி 1695இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அதாவது நுக்கின் சக ஆசிரியர். நமது கடலின் மறுகரையில் ஐந்தாண்டு வாழ்ந்தவரும் நுக்கும் ஒரே பல்கலைக்கழகத்தின் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

ஆனால் அறிவு ஒரு திசையில்தான் பயணம் செய்தது. மலபாரின் செடிகொடிகளை உள்ளூர் வைத்தியர்களிடம் கேட்டுக் கேட்டுப் பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டார்கள். தூத்துக்குடிக் கடலடியில் உள்ள முத்துச்சிப்பிப் பார்களைச் சோதித்தார்கள். குளிப்புக்கு நாள் குறிக்கும் முன் சிப்பிகளை எடுத்துப் பிளந்து மதிப்புப் போட்டார்கள். முத்து விளைவதும் ஒரு கட்டிக்குள்தான் என்பதை உயிரியல் படித்தவர்கள் சொல்வார்கள். சிப்பியின் மென்சதை அந்நியப் பொருளைச் சுற்றி ஒரு பையாக வளர்ந்து, அப்பைக்குள் முத்து படிகிறது. சிப்பியின் உள்ளுறுப்பை அவ்வளவு கூர்ந்து பார்த்தவர்களுக்குக் கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்ணின் உடல் ஒரு பொருட்டல்ல. அவளும் காட்டியிருக்க மாட்டாள். ஒல்லாந்தர் நம் மொழிக்குத் துட்டையும் கக்கூசையும் தந்துவிட்டுப் போனார்கள். நுக்கைத் தரவில்லை.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்கூட இந்தக் கட்டி எளிதில் பேசப்பட்டுவிடவில்லை. நியூயார்க்கின் வில்லியம் கோலி பெண்களுக்கு வரும் நீர்க்கட்டி பற்றிப் பதினான்கு நோயாளிகளை முன்வைத்துக் கட்டுரை எழுதியது 1892இல். நுக்கின் நூலுக்கும் அதற்கும் இரண்டு நூற்றாண்டு இடைவெளி. அதற்குள் நம் பக்கத்தில் சில கதவுகள் திறந்திருந்தன. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1850களிலிருந்து உடற்கூறும் பிரசவ மருத்துவமும் தமிழில் கொண்டுவந்தார். அறுவை மருத்துவத்துக்கு அவர் தந்த தமிழ் நூலின் பெயர் ‘இரண வைத்தியம்’. மருத்துவத்தைத் தமிழிலேயே கற்றுத் தேர்ந்த ஒரு தலைமுறை அங்கே உருவாயிற்று. அந்த மரபு அறுந்துபோனதை நம் அறிவுலகின் பேரிழப்புகளில் ஒன்றாகவே கருதுகிறேன். சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மேரி ஷார்லீப் அவர்களில் ஒருவர். ஆண் மருத்துவரிடம் காட்டமாட்டோம் என்று வீட்டோடு இறந்துபோன பெண்களின் கதை, ஐடா ஸ்கடரை மருத்துவம் படிக்க அனுப்பி 1900இல் வேலூருக்குக் கொண்டுவந்த கதை, எல்லோரும் அறிந்ததுதான்.

இனி, துளைவழி அறுவைக்கு வருகிறேன். ‘சாவித்துவார அறுவைச் சிகிச்சை’ என்று நாளிதழ்கள் எழுதுவதை நான் விரும்புவதில்லை. சாவித்துவாரம் நம் நாட்டில் எட்டிப்பார்ப்பதற்குப் பெயர்பெற்றது. நுண்துளை அறுவை என்பதே பொருந்தும். 1901இல் ஜெர்மனியில் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றுக்குள் விளக்குக் குழாயைச் செலுத்திப் பார்த்தார். 1910இல் சுவீடனின் யாக்கோபேயுஸ் மனிதர்களிடம் அதைச் செய்தார். நெடுங்காலம் அது பார்க்கும் கருவியாகவே இருந்தது. அதை அறுக்கும் கருவியாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் மகளிர் நோய் மருத்துவரான குர்ட் செம். அவர் 1980இல் கீல் நகரில் அதன்மூலம் குடல்வாலை அகற்றியபோது பொது அறுவை மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள். 1985இல் எரிக் மூஹே பித்தப்பையை எடுத்தார். அவருக்கும் வசவுதான் கிடைத்தது. இந்தியாவில் முதல் பித்தப்பை நுண்துளை அறுவை 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹெம்தன் உத்வாடியா செய்தது. கோயம்புத்தூரில் சி. பழனிவேலு 1990களின் தொடக்கத்திலிருந்து இத்துறையைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தார்.

மருத்துவ வரலாறுகள் பொதுவாக இப்படித்தான் எழுதப்படுகின்றன. அதில் ஒரு பக்கம் விடுபடுகிறது. 1990க்கு முன்பே அந்தக் கருவி இந்தியப் பெண்களின் வயிற்றுக்குள் பல இலட்சம் முறை போய் வந்துவிட்டது: குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களில். எழுபதுகளின் பிற்பகுதி தொடங்கி, பள்ளிக்கூடங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வரிசையாகப் படுக்கவைத்து, தொப்புளருகே துளையிட்டு, கருக்குழாயில் வளையம் மாட்டி அனுப்பினார்கள். அவளுடைய நோய்க்காக அந்தத் துளை போடப்படவில்லை. அரசின் இலக்குக்காகப் போடப்பட்டது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே நாளில் 83 பெண்களுக்கு அவ்வாறு செய்யப்பட்டு, பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒரு தொழில்நுட்பம் பெண்ணுடலை அடைவது வேறு, பெண்ணை அடைவது வேறு.

நுக் கால்வாய்க் கட்டிக்கு இன்று அது என்ன செய்கிறது? ஊசியால் நீரை உறிஞ்சினால் மீண்டும் நிரம்பும். பையையே அகற்றியாக வேண்டும். வழக்கமான முறையில் தொடையிடுக்கில் நீளவாக்கில் கீறி எடுப்பார்கள். நுண்துளை முறையில் தொப்புளருகே ஒரு சென்டிமீட்டர், அதனினும் சிறியவை இரண்டு எனப் பெரும்பாலும் மூன்று துளைகள். வயிற்றுக்குள்ளிருந்தோ, உட்சவ்வுக்கு வெளியே வயிற்றுச் சுவருக்குள்ளாகவே சென்றோ கட்டியின் மேல்முனையை அடைவார்கள். உள்ளிருந்து பார்ப்பதில் ஓர் அனுகூலம் உண்டு. கட்டி வயிற்றோடு தொடர்புடையதா, கூடவே குடலிறக்கம் ஒளிந்திருக்கிறதா, மறுபக்கத்திலும் வழி திறந்திருக்கிறதா என்பவை ஒரே பார்வையில் தெரிந்துவிடும். தேவையெனில் அங்கேயே வலை வைத்துச் சுவரைப் பலப்படுத்தலாம். சிறுமியருக்கு வலை வேண்டியதில்லை, வாயைக் கட்டினால் போதும். கட்டி வெளியிதழ்வரை நீண்டிருந்தால் உள்ளிருந்து முழுதும் எட்டாது. கீழே ஒரு கீறலும் சேர வேண்டியிருக்கும். நோய் அரிதாகையால் மருத்துவ இதழ்களில் வருபவை பெரும்பாலும் ஒருவர், இருவர் பற்றிய குறிப்புகள்தாம். ஆகவே இம்முறையே சிறந்தது என்று சிலர் அறுதியிட்டுச் சொல்வதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். வலி குறைவு, தழும்பு சிறியது, விரைவில் வேலைக்குத் திரும்பலாம். அன்றாடம் மீன்கூடை சுமப்பவளுக்கு இது சிறிய செய்தியல்ல. அவ்வளவே.

உண்மையான தடை கத்திக்கு முன்பே இருக்கிறது. திருநெல்வேலியில் மருத்துவக் கல்லூரி 1965இல் வந்தது, தூத்துக்குடியில் 2000இல். 2009இல் தொடங்கிய அரசு மருத்துவக் காப்பீடு, பெயர் மாறி இன்றும் தொடர்கிறது. ஏழைகளுக்குப் பெரிய அறுவைகளின் செலவை அது தாங்குகிறது. ஸ்கேன் எடுத்தால் கட்டிக்குள் நீரா, குடலா, முடிச்சா என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். ஆயினும், இவள் ‘நெறி’ என்று சொல்லிக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள். வந்தாலும் குடலிறக்கம் என்று எழுதி மேசையில் படுக்கவைத்து, திறந்த பிறகே நீர்க்கட்டி என்று கண்டுகொள்வது உலகெங்கும் வழக்கமாயிருக்கிறது. இருமினால் பெரிதாகிறதா, அழுத்தினால் உள்ளே போகிறதா என்பவை குடலிறக்கத்துக்கான கேள்விகள். இந்தக் கட்டி பொதுவாக இரண்டுக்கும் அசையாது. இன்னொரு கேள்வியும் உண்டு: மாதவிலக்கு நாட்களில் வலி கூடுகிறதா? கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு சில வேளை இக்கட்டிக்குள் குடியேறியிருக்கும். அதனாலேயே அகற்றிய பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். தமிழில் கேட்பதற்கு மிக எளிய கேள்வி அது. கணவரும் மாமியாரும் அறைக்கு வெளியே இருக்கும்போது, ஒரு பெண் மருத்துவரோ செவிலியோ கேட்டால், விடை வந்துவிடும்.