10,344 கண்ணாடிகள்

பழைய மகாபலிபுரம் சாலையில், ஒன்பதாவது மாடியில் என் அலுவலகம். அங்கே சுவர் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிதான். போன வருடம் என் மேசைக்குப் பக்கத்திலிருந்த கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து கீறல் ஓடியது. யாரும் கல்லெறியவில்லை, புயலும் அடிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அதை மாற்ற நான்கு பேர் வந்தார்கள். புதுக் கண்ணாடியை உட்கார வைப்பதற்கு முன்னால், அவர்களில் மூத்தவர் சட்டத்தின் அடியில் இரண்டு சின்ன ரப்பர் கட்டைகளை வைத்தார்.

"எதுக்குண்ணே அது?"

"கண்ணாடி அலுமினியத்து மேல நேரா உக்காரக் கூடாது சார். சுத்தி கேப் விடணும். டைட்டா வச்சா அசைய முடியாம உடைஞ்சிரும்."

"கண்ணாடி அசையுமா?"

"வெயில்ல எல்லாமே அசையும் சார்" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4 மீட்டர் நீள அலுமினியச் சட்டம் 40 டிகிரி கூடுதலாகச் சூடானால் கிட்டத்தட்ட 3.7 மில்லிமீட்டர் நீளும். அதே நீளக் கண்ணாடி 1.4 மில்லிமீட்டர்தான் நீளும். மிச்சமிருக்கும் இரண்டு மில்லிமீட்டர் எங்கேயாவது போயாக வேண்டும். ரப்பர் இருந்தால் ரப்பருக்குள் போகும். இல்லையென்றால் கண்ணாடிக்குள் போகும்.

அவர் ஒரு வரியில் சொன்னதைக் கற்றுக்கொள்ள, பாஸ்டன் நகரத்தில் ஒரு கட்டிடம் 10,344 கண்ணாடிகளை விலையாகக் கொடுத்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். பொறியியல் படித்த நான்கு வருடத்தில் யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

கல்லும் செங்கல்லும் இருந்த காலத்தில் சுவர்தான் கட்டிடத்தைத் தாங்கியது. எஃகும் கான்கிரீட்டும் எலும்புக்கூடாக வந்த பிறகு சுவருக்கு அந்த வேலை இல்லாமல் போனது. 1918இல் சான் பிரான்சிஸ்கோவின் ஹாலிடி கட்டிடத்தில் முகப்பு முழுவதும் கண்ணாடியாகத் தொங்கியது. 1952இல் நியூயார்க்கின் லீவர் ஹவுஸ் வந்தபோது, அலுவலகம் என்றாலே கண்ணாடிப் பெட்டி என்று ஆகத் தொடங்கிவிட்டது. இதற்குத் திரைச்சுவர் என்று பெயர். பொருத்தமான பெயர்தான். மாடிகளின் விளிம்பில் மாட்டிய திரை அது. மழையை உள்ளே விடக் கூடாது, காற்றின் அடியைத் தாங்க வேண்டும், கட்டிடமும் வெயிலும் அசையும்போது தானும் அசைய வேண்டும். முதல் இரண்டு வேலைகளும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது வேலை வரைபடத்தில் சில மில்லிமீட்டர் இடைவெளியாக மட்டுமே இருக்கும்.

பாஸ்டனின் காப்ளி சதுக்கத்தில் 1877இல் கட்டி முடித்த டிரினிட்டி தேவாலயம் இருக்கிறது. அமெரிக்கக் கட்டிடக்கலையின் பெருமைகளில் ஒன்று. 1960களின் பிற்பகுதியில் அதன் பக்கத்திலேயே ஜான் ஹான்காக் காப்பீட்டு நிறுவனம் 60 மாடிக் கோபுரம் எழுப்ப முடிவு செய்தது. உயரம் 241 மீட்டர். ஊரில் எதிர்ப்பு இருந்தது. ஐ. எம். பெய்யின் நிறுவனத்தில் இதை வடிவமைத்தவர் ஹென்றி காப். அவ்வளவு பெரிய கட்டிடத்தை எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் செய்வது? முழுக்க முழுக்கக் கண்ணாடி பூசிவிடலாம் என்பதுதான் அவருடைய விடை. கோபுரம் வானத்தைக் காட்டும், தேவாலயத்தைத் திருப்பிக் காட்டும், தன்னைக் காட்டாது.

அதற்குப் பிம்பம் உடையக் கூடாது. கண்ணாடிகள் பெரிதாகவும் நடுவில் கோடுகள் குறைவாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.4 மீட்டர் அகலம், 3.5 மீட்டர் உயரம், 225 கிலோ எடை. பாஸ்டன் குளிருக்காக இரட்டைக் கண்ணாடி, நடுவே காற்று. வெளிக் கண்ணாடியின் உள்பக்கத்தில் பளபளக்கும் பூச்சு. இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் சுற்றிலும் ஓர் ஈயப் பட்டை. அந்தப் பட்டையைக் கண்ணாடியோடு சால்டர் வைத்து இணைத்தார்கள். எலக்ட்ரானிக்ஸ் லேபில் கை சுட்டுக்கொண்டவர்களுக்கு சால்டர் தெரியும். பிடித்தால் விடாது.

வேலை முடிவதற்குள்ளேயே கண்ணாடிகள் உடையத் தொடங்கின. 1973 ஜனவரி 20ஆம் தேதி இரவு பெரும் காற்று அடித்தது. ஏராளமான கண்ணாடிகள் விரிசல் விட்டன. பல பெயர்ந்து விழுந்தன, விழுந்தவை போகிற வழியில் கீழே இருந்தவற்றையும் உடைத்தன. அதற்குப் பிறகு காற்று வேகம் கூடும்போதெல்லாம் போலீஸ் சுற்றியுள்ள தெருக்களை மூடியது. உடைந்த இடங்களில் பிளைவுட் அடித்தார்கள். ஒரு கட்டத்தில் ஓர் ஏக்கருக்கும் மேற்பட்ட முகப்பு பிளைவுட்டாகிவிட்டது. ஊர்க்காரர்கள் அதற்குப் 'பிளைவுட் அரண்மனை' என்று பெயர் வைத்தார்கள். யாரும் சாகவில்லை என்பது அதிர்ஷ்டம்தான்.

ஏன் உடைகிறது என்பதற்கு ஊருக்கே ஒரு விளக்கம் இருந்தது. கட்டிடம் ஆடுகிறது என்றார்கள். அதன் விசித்திர வடிவத்தால் காற்று சில இடங்களில் குவிகிறது என்றார்கள். அஸ்திவாரம் இறங்குகிறது என்றார்கள். எல்லாமே நம்பும்படி இருந்தன. எம்.ஐ.டி.யில் மாதிரி செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கட்டிடத்துக்குள் கருவிகள் வைத்து அளந்தார்கள்.

இப்படிக் குடைந்ததில், தேடாத பிரச்சினைகள் வெளியே வந்தன. கோபுரம் உண்மையிலேயே வேண்டாத அளவுக்கு ஆடியது. மேல்மாடிகளில் இருப்பவர்களுக்குத் தலைசுற்றும் அளவுக்கு. அதற்காக 58ஆவது மாடியின் இரு முனைகளிலும் ஈயம் நிரப்பிய 300 டன் பெட்டிகள் இரண்டை எண்ணெய்ப் படலத்தின் மேல் வைத்தார்கள். கட்டிடம் ஒரு பக்கம் போனால், பெட்டி எதிர்ப் பக்கம் இழுக்கும். பிறகு சூரிச்சிலிருந்து வந்த புருனோ துர்லிமான் என்ற பொறியாளர் இதைவிட மோசமான ஒன்றைக் கணக்கிட்டார். அபூர்வமான சில காற்று நிலைகளில் கோபுரமே சாயக்கூடும். அதுவும் அகலமான பக்கமாக அல்ல, யாரும் கவலைப்படாத குறுகிய விளிம்பின் திசையில். 1,500 டன் எஃகை உள்ளே குறுக்குத் தாங்கல்களாகச் சேர்த்தார்கள்.

ஆனால் கண்ணாடி உடைந்ததற்கு இவை எதுவும் காரணமில்லை.

காரணம் அந்த ஈயப் பட்டையின் விளிம்பில் இருந்தது. வெயிலிலும் காற்றிலும் இரண்டு கண்ணாடிகளும் நாள் முழுக்கத் தனித்தனியாக விரிகின்றன, சுருங்குகின்றன, வளைகின்றன. நடுவிலிருக்கும் இணைப்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். சால்டர் கொடுக்கவில்லை. அது கண்ணாடியின் பூச்சை அவ்வளவு இறுக்கமாகப் பற்றியிருந்தது. மீண்டும் மீண்டும் வந்த அசைவில் களைத்துப்போய் சால்டரில் விரிசல் விழுந்தது. பிடி விடாததால் அந்த விரிசல் அப்படியே கண்ணாடிக்குள் ஏறியது. பிரித்துப் பார்த்தபோது ஈயத்தில் கண்ணாடிச் சில்லுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இணைப்பு பலவீனமாக இருந்ததால் அல்ல, மிதமிஞ்சி பலமாக இருந்ததால்தான் கண்ணாடி உடைந்தது.

கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி வேண்டும் என்பது அன்றும் எல்லோருக்கும் தெரிந்ததே. அதே விதி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவிலும் பொருந்தும் என்பதுதான் தவறிப்போனது. 10,344 கண்ணாடிகளையும் கழற்றினார்கள். உடையாதவற்றையும்தான். பதிலுக்கு ஒற்றை டஃபன்ட் கண்ணாடிகளை மாட்டினார்கள். 1976இல், திட்டமிட்டதற்குப் பல வருடங்கள் தாமதமாக, கோபுரம் திறந்தது. அடுத்த வருடமே அமெரிக்கக் கட்டிடக்கலைஞர் கழகத்தின் தேசிய விருதும் கிடைத்தது. இன்றைய இரட்டைக் கண்ணாடிகளின் விளிம்பை மூடுவது பெரும்பாலும் சிலிகான் போன்ற இழுபடும் பசைகள். பிடிக்கும், ஆனால் விட்டும் கொடுக்கும்.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இனிமேல் வருவதுதான். வழக்குகள் நடந்தன. சம்பந்தப்பட்டவர்கள் சமரசம் செய்துகொண்டார்கள். நடந்ததைப் பற்றி யாரும் வெளியே பேசக் கூடாது என்பது அந்தச் சமரசத்தின் ஒரு நிபந்தனை. காரணம் என்னவென்று கண்டுபிடித்தவர்கள் வாயைக் கட்டிக்கொண்டார்கள். கோபுரம் ஆடியதால்தான் கண்ணாடி விழுந்தது என்ற கதை ஊரில் உலவிக்கொண்டே இருந்தது. விமர்சகர் ராபர்ட் கேம்பல் 1988இல் ஒரு கட்டிடக்கலை இதழில் விரிவாக எழுதிய பிறகுதான் முழுக்கதை மற்ற பொறியாளர்களுக்குக் கிடைத்தது. முதல் கண்ணாடி விழுந்து ஏறத்தாழ 15 வருடம் ஆகியிருந்தது. அந்த 15 வருடமும் உலகம் கண்ணாடிக் கோபுரங்களைக் கட்டிக்கொண்டுதான் இருந்தது.

யாரையும் குறைசொல்லும் தகுதி எனக்கு இல்லை. மூன்று வருடத்துக்கு முன், வேறொரு நிறுவனத்தில், நான் எழுதிய கோடு ஒரு நாள் மாலை முழுக்க ஒரு தளத்தைப் படுக்கவைத்தது. ஒரு சர்வீஸ் இன்னொன்றிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று நான் எழுதவில்லை. அந்தப் பக்கம் சில நொடி தாமதம் வந்ததும் இந்தப் பக்கம் மொத்தமும் விறைத்து நின்றது. அறிக்கை எழுதினேன். "கிளையண்ட் கண்ல பட்டா பிரச்சினைப்பா, உள்ளேயே இருக்கட்டும்" என்றார் மேலாளர். பூட்டிவிட்டோம். எட்டு மாதம் கழித்து பக்கத்து டீம் அதே தவறைச் செய்து ஓர் இரவு முழுக்க விழித்திருந்தது. எனக்குக் காரணம் தெரியும். அறிக்கையில் என் பெயர் இருந்ததால், நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஹான்காக் கதையைப் படித்து முடித்த அன்று, அந்த டீமில் இருந்த நண்பனைக் கூப்பிட்டு முழுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல மச்சான்" என்றான்.