முதல் வரி யாருக்கு?

அத்தியாயம் 7

1998 ஜூலை 23-ஆம் தேதியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். ஸ்டேட் ஸ்ட்ரீட் வங்கி வழக்கில் 94 வயது அமெரிக்க நீதிபதி ஜைல்ஸ் ரிச் தீர்ப்பு எழுதிய நாள் அது. வணிகம் செய்யும் முறை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு காப்புரிமை விண்ணப்பத்தைத் தள்ளிவிடக் கூடாது, பயனுள்ள, திட்டமான விளைவு ஒன்று கிடைத்தால் போதும் என்றார் அவர். அத்தனை காலம் பூட்டிக் கிடந்த கதவு திறந்துகொண்டது.

அந்த வாசல் வழியே நுழைந்த ஒரு கோப்பைத்தான் இந்த வாரம் பின்தொடரப் போகிறோம். அது கலிஃபோர்னியாவில் கிளம்பி, கடைசியில் சென்னை அண்ணா சாலைக்கு வந்து சேர்ந்தது.

பஸதீனா நகரத்தில் ஐடியாலேப் என்ற நிறுவனத்தை நடத்திவந்தவர் பில் கிராஸ். அந்நாளைய தேடல் தளங்கள் அவரைச் சலிப்படைய வைத்தன. தேடியது ஒன்று, வந்து குவிவது வேறொன்று. பக்கத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒரே சொல்லை நூறு முறை நிரப்பி வைத்தாலே முதலிடம் கிடைத்த காலம் அது. கிராஸ் யோசித்த தீர்வு, கேட்டவர்கள் பலரை முகம் சுளிக்க வைத்தது. இடத்தை விற்றுவிடலாம் என்றார். 1998 பிப்ரவரியில் டெட் மாநாட்டு மேடையிலேயே அதை அறிவித்தார். தளத்தின் பெயர் கோடூ டாட் காம்.

கோயில் திருவிழாவில் கடை போடும் இடத்துக்கு ஏலம் விடுவார்களே, அதே ஏற்பாடுதான். வாசலை ஒட்டிய இடத்துக்குத் தொகை ஏறும், தள்ளிப் போகப் போகக் குறையும். கோடூவில் ஏலம் போனது ஒவ்வொரு தேடல் சொல்லும். யாராவது அந்தச் சொல்லைத் தட்டினால், அதிகத் தொகை கேட்டவரின் தளம் முதல் வரியில் நிற்கும். அவர் கேட்ட தொகையும் பக்கத்திலேயே எல்லோருக்கும் தெரியும். பார்த்தவர் சொடுக்கினால் மட்டும் விளம்பரதாரர் கணக்கிலிருந்து அந்தக் காசு கழியும். ஒளிவுமறைவு இல்லாத ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1999 மே 28 அன்று இந்த முறைக்குக் காப்புரிமை கேட்டு அமெரிக்க அலுவலகத்தில் விண்ணப்பம் பதிவானது.

காப்புரிமை ஆய்வாளரின் மேசையில் இந்தக் கோப்பு எப்படித் தெரிந்திருக்கும்? விண்ணப்பத்தின் உயிர் அதன் உரிமைக்கோரல்களில் இருக்கிறது. கதையைக் களைந்துவிட்டு அவற்றைப் படித்தால் மிஞ்சுவது இவ்வளவுதான்: விளம்பரதாரர்களின் கணக்குகளையும் கேட்புத் தொகைகளையும் ஒரு தரவுத்தளத்தில் வை. பயனரின் கேள்வியை வாங்கு. பொருந்தும் பதிவுகளைப் பொறுக்கு. தொகைப்படி வரிசையாக்கு. திரையில் காட்டு. விளம்பரதாரர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து தொகையை மாற்றிக்கொள்ளட்டும்.

இதில் தரவுத்தளம் பழையது. கேள்விக்கு விடை தேடுவதும், இறங்குவரிசையில் அடுக்குவதும், பட்டியலைத் திரையில் காட்டுவதும் பழையவை. புதியதாக இருந்தது எதை வைத்து அடுக்குகிறோம் என்பது மட்டும். அந்தப் புதுமை கணினிக்குள் இருந்ததா, சந்தைக்குள் இருந்ததா? என்னைக் கேட்டால், ஆய்வாளர் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். ஆனால் ஸ்டேட் ஸ்ட்ரீட் தீர்ப்புக்குப் பிறகு அமெரிக்காவில் அந்தக் கேள்விக்கு வலுவில்லாமல் போயிருந்தது. இதற்கு முன் யாராவது செய்திருக்கிறார்களா, துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதா என்ற இரண்டு சோதனைகளே பெரும்பாலும் மிஞ்சின.

இன்னொரு குறையும் உண்டு. அன்றைய அமெரிக்க நடைமுறையில் ஆய்வு என்பது ஆய்வாளருக்கும் விண்ணப்பதாரருக்கும் இடையே மட்டும் நடக்கும் உரையாடல். பாதிக்கப்படப் போகிற போட்டியாளர் எதிரே உட்கார்ந்து வாதாட வழியில்லை. அப்போது பதிவான விண்ணப்பத்தைக் காப்புரிமை வழங்கும் நாள்வரை அந்த அலுவலகம் வெளியிடுவதும் இல்லை.

2001 ஜூலை 31. காப்புரிமை எண் 6,269,361 வழங்கப்பட்டது. சில மாதங்களில் கோடூ தன் பெயரை ஓவர்சூர் என்று மாற்றிக்கொண்டது.

இதற்கிடையே, வருமானத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்த இன்னொரு தேடல் நிறுவனம் விளம்பரத்தில் இறங்கியிருந்தது. அதன் பெயர் கூகுள். 2002 பிப்ரவரியில் அதுவும் சொடுக்குக்குக் காசு, சொல்லுக்கு ஏலம் என்ற முறைக்கு வந்தது. கேட்புத் தொகையோடு, எத்தனை பேர் சொடுக்குகிறார்கள் என்பதையும் சேர்த்தே இடத்தைத் தீர்மானித்தது. ஏப்ரலில் ஓவர்சூர் வழக்குப் போட்டது.

காப்புரிமையே செல்லாது என்று கூகுள் பதில் கொடுத்தது. அமெரிக்கச் சட்டத்தில் அப்போது ஒரு விதி இருந்தது. விண்ணப்பிக்கும் நாளுக்கு ஓராண்டுக்கு மேல் முன்பாக ஒரு கண்டுபிடிப்பு பொதுப் பயன்பாட்டுக்கோ விற்பனைக்கோ வந்துவிட்டால் காப்புரிமை கிடையாது. விண்ணப்பித்தது 1999 மே 28. மேடையில் அறிவித்தது 1998 பிப்ரவரி. அப்படியென்றால் 1998 மே 28-க்கு முன்பு அந்தத் தளத்தில் என்னென்ன இயங்கிக்கொண்டிருந்தன? பல கோடி டாலர் இந்த ஒரு கேள்வியில் தொங்கியது.

கூகுள் வழக்கில் அதற்குத் தீர்ப்பு வரவே இல்லை. 2003 ஜூலையில் யாஹூ 163 கோடி டாலருக்கு ஓவர்சூரை வாங்குவதாக அறிவித்தது. காப்புரிமையும் அதோடு கைமாறியது. அடுத்த ஆண்டு கூகுள் பங்குச் சந்தைக்குப் போக ஆயத்தமானது. தலைக்கு மேல் இப்படியொரு வழக்கு தொங்கும்போது எந்த முதலீட்டாளர் நிம்மதியாகப் பணம் போடுவார்? 2004 ஆகஸ்ட் 9 அன்று சமரசம் வெளியானது. இந்தக் காப்புரிமைக்கான உரிமத்துக்கும், இரு நிறுவனங்களுக்கிடையே இருந்த வேறொரு பங்குத் தகராறுக்கும் சேர்த்து, கூகுள் 27 லட்சம் பங்குகளை யாஹூவுக்குக் கொடுத்தது. பத்து நாள் கழித்து ஒரு பங்கு 85 டாலருக்கு வெளியானது. அந்த விலையில் கணக்கிட்டால் ஏறத்தாழ 23 கோடி டாலர்.

ஒரு பட்டியலின் வரிசைக்கு இவ்வளவு விலை! அதே கோரிக்கைதான் சென்னைக்கும் வந்திருந்தது.

இங்கே அதன் தலைப்பு ‘கணினி வலைப்பின்னல் தேடல் கருவியை இயக்கும் முறை’ என்று இருந்தது. ஏலம், விளம்பரம், காசு எதுவும் தலைப்பில் இல்லை. ஆனால் இந்தியாவில் அதற்கு இரண்டு தடைகள் காத்திருந்தன.

முதலாவது, 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு. 2002 திருத்தத்தில் சேர்ந்து 2003 மே 20 முதல் நடைமுறைக்கு வந்தது. கணித முறை, வணிக முறை, வெறும் கணினி நிரல், அல்கோரிதம் ஆகியவை கண்டுபிடிப்புகள் ஆகா என்கிறது அது. ‘வெறும்’ என்ற தளர்வு கணினி நிரலுக்கு மட்டுமே உண்டு, வணிக முறைக்கு இல்லை. இதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, 25(1) பிரிவு. காப்புரிமை வழங்கும் முன்பே யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். அமெரிக்காவில் மூடிய அறையில் நடந்த உரையாடல் இங்கே திறந்த வாசலில் நடந்தது. அந்த வாசலில் வந்து நின்றது மும்பையின் ரெடிஃப் நிறுவனம்.

ரெடிஃபின் எதிர்ப்பைக் கேட்ட சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. யாஹூ மேல்முறையீடு செய்தது. வழக்கு போய்ச் சேர்ந்த இடம் தேனாம்பேட்டை, அண்ணா சாலை, குணா வளாகம். அங்கேதான் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் இயங்கிவந்தது. தலைவர் இருக்கையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன்.

யாஹூவின் வாதம் இதுதான்: சேவையகம், தரவுத்தளம், வலைப்பின்னல் எல்லாம் சேர்ந்து இயங்கும் தொழில்நுட்பம் இது, இதை வணிக முறை என்று எப்படிச் சொல்லலாம்? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கலிஃபோர்னியாவில் கோடிகளைக் கொண்டுவந்த காப்புரிமை வேறு!

2011 டிசம்பர் 8 அன்று ஆணை வந்தது. தள்ளுபடி.

இதில் ஒரு முன்னேற்றம் இருக்கலாம், ஆனால் அந்த முன்னேற்றம் வணிகம் செய்யும் முறையில்தான் இருக்கிறது என்றது வாரியம். தொழில்நுட்பத்தின் துணையோடு கெட்டிக்காரத்தனமாக வணிகம் செய்தாலும் அது வணிக முறையே. சட்டம் விலக்கி வைத்த இடத்தில் இருக்கும் புதுமையைக் காட்டிக் காப்புரிமை கேட்க முடியாது.

கணினிக்குள்ளா, சந்தைக்குள்ளா என்ற அந்த முதல் கேள்வியைச் சென்னை தவறாமல் கேட்டது. சரியான விடையையும் சொன்னது என்பதே என் முடிவு. திருவிழாக் கடைக்கு இடம் ஏலம் விடும் உரிமையை இருபது ஆண்டுக்கு ஒருவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் எங்கே கடை போடுவது?

ஆனால் இந்த ஆணை எல்லாவற்றுக்கும் விடை தந்துவிடவில்லை. ஏலமும் இல்லாமல், விளம்பரமும் இல்லாமல், தேடுபவர் கேட்ட தகவலைக் குறைந்த நேரத்தில், குறைந்த நினைவகத்தில் கொண்டுவந்து கொடுக்கும் முறை ஒன்று வந்தால் என்ன செய்வது? அதை வணிக முறை என்று ஒதுக்க முடியாது. வெறும் நிரலா, அதற்கு மேற்பட்டதா என்று பார்த்தாக வேண்டும்.

அப்படி ஒரு கோப்பு 2002 ஜூலை 17 முதல் டெல்லி அலுவலகத்தில் கிடந்தது. கொடுத்தவர் துனிசியாவைச் சேர்ந்த ஃபெரீத் அலானி. கைவிடப்பட்ட விண்ணப்பம் என்று அலுவலகம் ஒருமுறை மூடியது. நீதிமன்றம் போய் 2008-இல் அதைத் திறக்க வைத்தார். பிறகு நிராகரித்தார்கள், மேல்முறையீடு செய்தார். 2013 மார்ச்சில் அதே வாரியம் அவருடைய மேல்முறையீட்டையும் தள்ளுபடி செய்தது. காப்புரிமையின் 20 ஆண்டுக் கெடுவோ ஓடிக்கொண்டே இருந்தது.

அலானி மீண்டும் டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேறினார்.

(அடுத்த வாரம்: கெடு முடியும் முன் வந்த தீர்ப்பு)