கரை யாருக்கு?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய முஸ்லிம் ஊர்களில் மீன்பிடி பரம்பரைத் தொழில். இதே அம்பாறை மாவட்டத்தின் தெற்கே, அறுகம் குடாவுக்கு விடுமுறையில் வரும் வெளிநாட்டவருக்கோ அது பொழுதுபோக்கு.

கச்சான் காற்றுக் காலத்தில் இலங்கையின் மேற்குக் கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கடல் பெரிதும் அமைதியாயிருக்கும். அம்மாதங்களில் வருவோரைக் கூலிக்குப் படகேற்றி, பாரைக்கும் சூரைக்கும் தூண்டில் போட அழைத்துச் செல்வோர் உள்ளூர் மீனவரே. நீரோட்டமும் மீன் கூடும் பார்களும் அவர்களுக்குத் தந்தைவழி அறிவு. எனவே, மீனவர் கரையில் நிலைத்தால்தான் அந்தப் பொழுதுபோக்கும் நிலைக்கும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மாண்டோர் 10,000க்கும் மேல். அடுத்து அரசு, தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் வரை கரையோரத்தில் வீடு கட்டத் தடை விதித்தது. சுற்றுலா விடுதிகளுக்கோ விலக்குக் கிடைத்தது. பாதுகாப்புத்தான் நோக்கமெனில், அலை விருந்தினரை விட்டுவைக்குமா என்று மீனவர் கேட்டதில் நியாயமிருந்தது.

கரைவலை இழுக்கவும், படகேற்றவும், வாடி அமைக்கவும் மணல் வேண்டும்; மீன்கூட்டம் வருவதைப் பார்க்கக் கடல் கண்ணெதிரே இருக்க வேண்டும். எதிர்ப்பு வலுத்தபின் விதி தளர்ந்தது. ஆனால், 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் அடைக்க, அயற்கரையைக் கடல் அரித்தது.

சுற்றுலா வளரட்டும். ஆனால் கரை பற்றிய எந்தத் திட்டத்திலும் மீனவரின் சொல்லே முதலில் கேட்கப்பட வேண்டும்.