பாடநூலும் மடிக்கணினியும் பிரிந்த இடம்

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கும் விருதுநகர் மாவட்டம், பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. பாடநூலை வரி விடாமல் படிக்கிற ஊர்கள் இவை. 2000-களின் நடுவில் இங்கே கணினி அறிவியல் எடுத்த பிள்ளைகளுக்கு இரண்டு பாடநூல்கள்: ஒன்று ஸ்டார் ஆபீஸ், இன்னொன்று சி++. சி++ நூலின் நிரல்கள் 'ஐஓஸ்ட்ரீம்.எச்', 'கோனியோ.எச்' என்ற இரண்டு கோப்புகளை அழைத்தபடி தொடங்கும். அடுத்த சில ஆண்டுகளில் அந்த இரு வரிகளுக்கு நேர்ந்ததைப் பார்த்தாலே ஒன்று தெளிவாகும். புதிதாகக் கற்பவருக்குப் புதிய மென்பொருளைவிட முக்கியம், பாடநூலோடு பொருந்தி, தேதி குறிக்கப்பட்டு, மாறாமல் நிற்கும் ஒரு மென்பொருள் தொகுப்பு.

'கோனியோ.எச்' டாஸ் காலத்து டர்போ சி++-க்கு உரியது. லினக்ஸின் கம்பைலரோடு அது வந்ததே இல்லை. 'ஐஓஸ்ட்ரீம்.எச்' 1998-ஆம் ஆண்டின் சி++ தரவரையறையில் இடம்பெறவில்லை. பழைய நிரல்களுக்காக ஜிசிசி கம்பைலர் அதை விட்டுவைத்திருந்தது. 2008-இல் வந்த 4.3 பதிப்பில் அதுவும் நீக்கப்பட்டது. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் லென்னி பதிப்பு 2009 பிப்ரவரியில் வெளியானபோது அந்தக் கம்பைலரைத்தான் ஏந்தி வந்தது. 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, விண்டோஸுடன் பாஸ் லினக்ஸையும் சேர்த்துக் கொடுத்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு சி-டாக் சென்னை மையம் உருவாக்கியது பாஸ். லென்னிக்குப் பின்வந்த டெபியன் வழிக் கணினி எதிலும் பழைய பாடநூல் நிரலின் முதல் வரியே பிழை என்று நிற்கும். அனுபவசாலி அதை நொடியில் திருத்திவிடுவார். பதினேழு வயதுப் பிள்ளையோ தவறு தன்னுடையது என்றே நினைக்கும். அரசு நூலும் கொடுத்தது, கணினியும் கொடுத்தது. இரண்டையும் இணைக்கும் தேதியை மட்டும் கொடுக்கவில்லை.

பள்ளி ஆய்வகங்களில் டர்போ சி++ இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஒரு தொகுப்பை மாறாமல் உறைய வைப்பதற்கு எதிரான வலுவான வாதமும் அதுதான்: 1990-களின் தொடக்கத்து மென்பொருள் ஒரு தலைமுறைக்கு மேல் வகுப்பறைகளில் தங்கிவிட்டது, உலகம் கைவிட்ட வழக்கங்களையே பிள்ளைகள் கற்றார்கள். ஆனால் அதை யாரும் திட்டமிட்டு நிறுத்தி வைக்கவில்லை. பராமரிக்க ஆளில்லாமல் அது தேங்கிக் கிடந்தது. டெபியனில் நடப்பது வேறு. ஒரு தேதியில் தொகுப்பை நிறுத்துகிறார்கள், பிழை களைந்து பெயரிட்டு நிலைப்பதிப்பாக வெளியிடுகிறார்கள். பிறகு பதிப்பெண்ணைப் பெரும்பாலும் மாற்றாமலே பாதுகாப்பு ஓட்டைகளையும் கடுமையான பிழைகளையும் மட்டும் சரிசெய்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் அடுத்த பதிப்பு வருகிறது. 2005-லிருந்து சேர்ந்த தொகுப்புகளைத் தேதி வாரியாகத் திரும்ப எடுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். ஆகவே நிலையானது என்றால் பாதுகாப்பற்றது என்ற அச்சம் பராமரிப்பாளர் இல்லாத தொகுப்புக்கே பொருந்தும்.

நிலைத்தது வளராது என்ற மறுப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பதில் இருக்கிறது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் பாடியவற்றை மற்ற ஆழ்வார்களின் பாசுரங்களோடு சேர்த்து நாலாயிரமாகத் தொகுத்தவர் நாதமுனிகள். திருப்பாவை முப்பதும் வரிசை மாறாமல் நிற்பதால்தான், மார்கழியில் இன்ன நாள் என்றால் இன்ன பாசுரம் என்று எழுத்தறியாதவரும் கூடச் சேர்ந்து சொல்ல முடிகிறது. உரையாசிரியர்களும் அந்த வரிசையை நம்பியே உரை செய்தார்கள். பிற்காலத்தில் திருவரங்கத்து அமுதனாரின் இராமானுச நூற்றந்தாதி சேர்ந்தபோதும், நாலாயிரத்தின் ஒரு பகுதியான இயற்பாவின் இறுதியில் அதற்கு இடம் கிடைத்தது. பழைய வரிசை கலையவில்லை. சேர்த்தது எது, முன்பிருந்தது எது என்பது எல்லோருக்கும் தெரியும்.

தொகுப்பைத் தேதியிட்டால் மட்டும் போதாது, காப்பவர் யார் என்பதும் முக்கியம். ஆர் என்ற நிரல்மொழியின் தொகுப்புகளை நாள்தோறும் படியெடுத்துத் தந்த எம்ரான் சேவை 2014-இல் தொடங்கி, பின்னர் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போய், 2023 ஜூலையில் மூடப்பட்டது. அதை நம்பிப் பாடமும் ஆய்வும் எழுதியவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. மாணவர்களுக்கான தொகுப்பைப் பொது நிறுவனமே காக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இந்தத் தேவை பழைய நூலோடு முடியவில்லை: 2018-இல் தொடங்கிய புதிய பாடத்திட்டம் பைதான் நிரல்மொழியைப் பிளஸ் டூவுக்குக் கொண்டுவந்தது. 2025 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அரசு அறிவித்தது. நூலின் முதல் பக்கத்தில் எந்தத் தேதித் தொகுப்புக்காக அது எழுதப்பட்டது என்று அச்சிட்டு, அதே தொகுப்பைக் கணினியில் நிறுவி, நூல் பாடத்தில் இருக்கும்வரை பராமரிப்பது, இவ்வளவு பெரிய செலவுக்கு முன் சிறிய வேலை. தேர்ந்தவருக்கு அது தேவைப்படாமல் போகலாம். முதல் தலைமுறையாகக் கணினியைத் தொடுகிற பிள்ளைக்கு, நூலில் உள்ளதை அப்படியே தட்டினால் அது ஓட வேண்டும். அந்த நம்பிக்கை பிறந்த பிறகுதான் மாற்றங்களைச் சமாளிக்கவும் கற்றுக்கொடுக்க முடியும்.